கொட்டகைக்குக் காசு உண்டு, கூலிக்கு? – வாசகர் கேள்வி பதில்

ஊராட்சி, பேரூராட்சிகளின் குப்பைத் திட்டங்களுக்கு மானியம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கேட்பது, வாங்கிய பிறகு எங்கே சிக்கிக்கொள்கிறோம் என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் கிராமத்தில் 4,200 பேர். தூய்மை பாரத இயக்கத்தில் திடக்கழிவுக்குத் தலைக்கு 60 ரூபாய் என்கிறார்கள். மொத்தம் எவ்வளவு வரும்? அதில் பேட்டரி வண்டியும் தரம்பிரிப்புக் கொட்டகையும் முடியுமா?
– ஊராட்சித் தலைவர், விழுப்புரம் மாவட்டம்

4,200-ஐ 60-ஆல் பெருக்கினால் 2,52,000 ரூபாய். இது உச்சவரம்புதான். மதிப்பீடு 1,90,000-க்கு வந்தால் அந்த 1,90,000-தான் கணக்கு. வரும் தொகையிலும் இயக்கத்தின் பங்கு 70 சதவீதம், உங்கள் கணக்கில் 1,76,400. மீதி 75,600 ரூபாயை ஊராட்சி தன் நிதி ஆணைய மானியத்திலிருந்து (மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு வரும் பணம்) போட வேண்டும். இந்த இரண்டாவது வரியைப் படிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டு, கடைசி பில்லுக்குக் கையைப் பிசையும் ஊராட்சிகள் நிறைய.

தலைக்கு 60 என்பது 5,000 பேர் வரையுள்ள கிராமத்துக்கு. அதைத் தாண்டினால் முழு மக்கள்தொகைக்கும் 45 ரூபாய்தான். 4,900 பேர் உள்ள கிராமத்துக்கு வரம்பு 2,94,000. 5,100 பேருக்கு 2,29,500. கணக்குப் போட்டுப் பார்த்தால் 6,666 பேர் வரை, 5,000 பேர் கிராமத்தைவிடக் குறைவாகத்தான் வருகிறது. விதி அப்படி. அதனால் ஊராட்சி மொத்தத்தையும் ஒரே எண்ணாகப் போடாமல் கிராமவாரியாகப் போடுங்கள். ஒரு ஊராட்சியில் 3,000 பேரும் 2,800 பேருமாக இரண்டு கிராமங்கள் இருந்தால் இரண்டுக்கும் 60 ரூபாய்க் கணக்கு. மிகச் சிறிய கிராமம் என்றால், திட, திரவக் கழிவு இரண்டுக்கும் சேர்த்து 1 லட்சம் ரூபாய் வரை திட்டம் போட இடம் உண்டு. இவையெல்லாம் இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிகள். உங்கள் அனுமதி ஆணையில் எந்தக் கட்டம் என்று எழுதியிருக்கிறது என ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி, கொட்டகை இரண்டையும் இந்தத் தொகைக்குள் திணிக்காதீர்கள். திணித்தால் வண்டி மட்டமாகவும் கொட்டகை அரைகுறையாகவும் வரும். முதலில் சேகரிப்பு. குப்பை தரம் பிரிந்து வந்து சேராத கொட்டகை ஆறு மாதத்தில் பழைய சைக்கிளும் சிமென்ட் மூட்டையும் வைக்கும் கிடங்காகிவிடும். தெரு அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். முட்டுச்சந்துகள் அதிகமென்றால் பேட்டரி வண்டி உள்ளே போய்த் திரும்பாது. மூன்று சக்கர மிதிவண்டியே சரி. 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்ற கணக்கில் 1,100 வீட்டுக்கு ஏழு பேர் இருப்பார்கள். ஏழு மிதிவண்டியும், தெருமுனையில் அவற்றிலிருந்து வாங்கிக்கொண்டு போக ஒரு பேட்டரி வண்டியும் நல்ல ஏற்பாடு. கொட்டகையை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நிதி ஆணைய மானியத்தில் எடுங்கள்.

வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது ‘பச்சை, நீலம் இரண்டு தொட்டி’ என்று பழைய விவரக்குறிப்பையே நகல் எடுக்க வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின்–டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு–மருந்து–பெயின்ட் டப்பா போன்ற சிறப்புக் கவனக் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பெரிய தொட்டி இரண்டு, மூடியுள்ள சிறிய டப்பா இரண்டு வேண்டும். சுகாதாரக் கழிவின் டப்பாவுக்கு மூடி கட்டாயம், அதுவும் கையால் தொடாமல் திறக்கிற மாதிரி.

இந்த மானியத்துக்கான விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும்? வட்டார அலுவலகத்தில் கேட்டால் ‘அப்படியொன்றும் இல்லை’ என்கிறார்கள்.
– வார்டு உறுப்பினர், தென்காசி மாவட்டம்

அவர்கள் சொல்வது சரிதான். போட்டி போட்டு வாங்கும் மானியம் இல்லை இது. கிராம சபைத் தீர்மானம்தான் விண்ணப்பம். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்தான் படிவம். அந்தத் திட்டம் ஊராட்சிகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஏற வேண்டும். தளத்தில் இல்லாத வேலைக்குப் பிறகு பில் போடவும் முடியாது, ஏனென்றால் நிதி ஆணைய மானியத்தின் பணப் பட்டுவாடாவும் அதே தளத்தின் வழியாகத்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்துக்கு அக்டோபர் 2 சபையைக் குறி வைத்துத் தயாராகுங்கள். மார்ச் 22-க்கு விட்டால் அவசர அவசரமாக ஏற்றி, தலைப்பு மாறி, திருத்தம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பாதி விஷயம். ‘திடக்கழிவு மேலாண்மைப் பணிகள் மேற்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி எழுதினால், அதை வைத்து யாரும் மதிப்பீடு போட முடியாது. புல எண், அந்த நிலத்தின் வகைப்பாடு, எத்தனை குழி, என்ன அளவு, எத்தனை வண்டி, உத்தேசத் தொகை, அதில் இயக்கத்தின் பங்கு எவ்வளவு, நிதி ஆணைய மானியம் எவ்வளவு, கட்டி முடித்தபின் ஓட்டும் செலவு எதிலிருந்து என்பதையெல்லாம் எழுதுங்கள். பத்து வரி ஆகும், ஆகட்டும். பிறகு ஒன்றியப் பணி மேற்பார்வையாளர் அளந்து மதிப்பீடு தயாரிப்பார். பொறியாளரிடம் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி இரண்டும் கிடைத்த பின்தான் வேலை உத்தரவு. இந்த வரிசை மாறினால் எப்படி மாட்டுவோம் என்பதைத் தணிக்கைக் கேள்வியில் சொல்கிறோம்.

15வது நிதி ஆணைய மானியத்தில் தூய்மைக் காவலருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?
– ஊராட்சிச் செயலர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

மானியம் இரண்டு பையாக வந்தது. 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிக்கு வந்ததில் 60 சதவீதம் பணி நிர்ணயிக்கப்பட்டது, 40 சதவீதம் நிர்ணயிக்கப்படாதது. ஆண்டுக்கு 10 லட்சம் வந்தால் 3 லட்சம் சுகாதாரத்துக்கும் குப்பைக்கும், 3 லட்சம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மீதி 4 லட்சம் ஊரின் தேவைக்கு. அந்த 4 லட்சத்தைக் கையில் இருக்கும் பணம் என்று நினைத்துச் சம்பளத்துக்கு எடுத்தால் தப்பு. சம்பளமும் நிர்வாகச் செலவும் கூடாது என்று வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறார்கள். குடிநீர்த் தேவை முழுதும் தீர்ந்துவிட்டது என்றால் அந்த 3 லட்சத்தைச் சுகாதாரத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் அதைக் கிராம சபை உறுதிசெய்திருக்க வேண்டும். 2026-27 முதல் 16வது ஆணையத்தின் காலம். பழைய சதவீதத்தை வைத்துப் புது ஆண்டின் திட்டத்தைப் போடாதீர்கள்.

மானியம் பொருளை வாங்கித் தரும். அதை ஓட்டித் தராது. ஓட்டும் செலவுக்குப் பயன்பாட்டுக் கட்டணம்தான் நேர்வழி. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலிக்கலாம் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. 1,100 வீடு, மாதம் 30 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். நூற்றுக்கு அறுபது வீடு கட்டினால் 19,800. அந்த 19,800-க்குள் எதை ஓட்ட முடியும் என்று பார்த்துத் திட்டத்தின் அளவை முடிவு செய்யுங்கள். 33,000 வரும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

தினமும் எவ்வளவு குப்பை என்று மதிப்பீட்டில் எழுத வேண்டியிருக்கிறது. தலைக்கு இத்தனை கிராம் என்று பொதுவாகப் போட்டால் போதாதா?
– பணி மேற்பார்வையாளர், ராணிப்பேட்டை மாவட்டம்

போதாது. பொதுக் கணக்கு நகரத்தை வைத்துப் போட்டது. ஆடு மாடு கோழி உள்ள ஊரில் மீந்த சோறும் காய்கறித் தோலும் குப்பை வண்டிக்கே வராது. 800 கிலோ என்று காகிதத்தில் எழுதி அதற்கேற்பக் குழி கட்டுவார்கள். வந்து சேர்வது 300 கிலோ. குழி நிறையாது, சூடேறாது, மட்காது, அப்புறம் ‘திட்டமே சரியில்லை’ என்பார்கள்.

எட்டு நாள் எடை போடுங்கள். முதல் நாள் குப்பையில் முந்தைய நாட்களின் தேக்கமும் சேர்ந்திருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மீதி ஏழு நாளில் வாரச் சந்தை நாள் கட்டாயம் வர வேண்டும். 100 கிலோ தொங்கு தராசு ஒன்று, பழைய சாக்குகள், ஒரு நோட்டு போதும். வண்டி வந்ததும் மக்கும் குப்பை தனி, விற்கக்கூடிய உலர் குப்பை தனி, ஒன்றுக்கும் ஆகாதது தனி என்று மூன்று எடை. வண்டிவாரியாக எழுதினால் எந்தத் தெருவில் பிரித்துக் கொடுக்கவில்லை என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். மழை நாளாக இருந்தால் ஓரத்தில் குறித்துவையுங்கள், ஈர எடை ஏமாற்றும்.

மக்கும் குப்பை நாளுக்கு 300 கிலோ என்று வந்ததாக வைப்போம். ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் 0.6 கன மீட்டர். அதோடு சருகு, தேங்காய் மட்டைத் தூள், காய்ந்த புல் என்று 0.3 கன மீட்டர் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் கூழாகிவிடும். ஆக நாளுக்கு 0.9. குழி 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்றால் 4.5 கன மீட்டர். ஐந்து நாளில் நிறைய வேண்டும், ஆனால் அடியில் இருப்பது அமுங்கிக்கொண்டே போவதால் ஏறக்குறைய ஏழு நாள் தாங்கும். மட்க 45 நாள் என்றால் ஏழு குழி, அள்ளும் நேரத்துக்கு ஒன்று உபரி. மொத்தம் எட்டு. குழி என்று சொன்னாலும் தரைமட்டத்துக்கு மேலே, செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டு எழுப்பிய தொட்டியாகக் கட்டுங்கள். பள்ளம் தோண்டினால் மழையில் குளம்தான். நீண்ட பக்கத்துச் சுவர் ஒன்றைக் கட்டாமல் பலகை செருகும்படி விட்டால் மண்வெட்டியால் அள்ள வரும். நான்கு பக்கமும் கட்டிய தொட்டிக்குள் ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும், அதனால் யாரும் அள்ள மாட்டார்கள்.

உரக் கொட்டகையில் நாற்றமும் புழுவும் தாங்கவில்லை. வாங்கிவிட்ட மண்புழுவும் செத்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் பூட்டச் சொல்கிறார்கள்.
– மகளிர் குழு உறுப்பினர், செங்கல்பட்டு மாவட்டம்

நாற்றத்துக்கும் புழுவுக்கும் காரணம் ஏறத்தாழ ஒன்றுதான்: ஈரம் அதிகம், காற்று இல்லை. மண்புழு செத்ததற்குக் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறோம். தொட்டியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், கையுறை போட்டுக்கொண்டுதான். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. தண்ணீராக ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒழுகினால் தொட்டியைக் காலி செய்து, மூன்று கூடை குப்பைக்கு ஒரு கூடை வீதம் சருகு கலந்து திரும்பப் போடுங்கள். தினம் போட்டு முடித்ததும் மேலே இரண்டு அங்குலம் பழைய உரம் அல்லது சருகு மூட வேண்டும். ஈ முட்டையிடுவது மேல்பரப்பில்தான். மூடினால் புழு பெரும்பாலும் நின்றுவிடும்.

சூடு பார்க்க ஒரு இரும்புக் கம்பி போதும். நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு உருவித் தொடுங்கள். போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும், அதாவது 55 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். கம்பி வெதுவெதுப்பாக இருந்தால் ஒன்று குவியல் சிறியது, இல்லையென்றால் ஈரம்.

இதே சூடுதான் உங்கள் மண்புழுவைக் கொன்றது. 35 டிகிரியைத் தாண்டினால் அது தாங்காது. பச்சைக் குப்பையில் நேராகப் புழு விடவே கூடாது. 15 முதல் 20 நாள் மட்கி, சூடு ஆறி, சாணக் கரைசல் தெளித்த பிறகு, படுக்கை ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் போட்டு, நிழலில் விட வேண்டும். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பலகாரம், கோழிக் கழிவு ஆகாது. எறும்புக்குத் தொட்டியைச் சுற்றி நீர் நிற்கும் சிறு வாய்க்கால். எங்களைக் கேட்டால், ஊராட்சிக் கொட்டகை மண்புழுவில் தொடங்கவே வேண்டாம். மதிப்பீட்டில் ‘மண்புழு உரக் கொட்டகை’ என்று எழுதுவது அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இல்லை. சாதாரண மட்கு உரத்தை ஒழுங்காக மூன்று மாதம் எடுத்துக் காட்டிய குழு பிறகு புழுவுக்குப் போகலாம்.

விற்கும்போது 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கொடுங்கள். நகர மட்கு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் அளவு அது. ஒரு மூட்டையில் ஒரு பிளேடோ கண்ணாடித் துண்டோ வந்தால் அந்த விவசாயி மறுபடி வர மாட்டார்.

கொட்டகைக்கு இடம் என்று ஏரிக்கரைப் புறம்போக்கைக் காட்டுகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய கட்டடம் எத்தனை அனுமதி வாங்கியிருந்தாலும் வழக்கு என்று வந்தால் நிற்காது; மானியத்தில் கட்டியது இடிபட்டால் பணமும் திரும்பக் கேட்கப்படும். ‘ஏரியில் தண்ணீரே இல்லை’ என்பது பதிலாகாது, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதே பதில். தீர்மானத்துக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (நிலத்தின் வகைப்பாடு எழுதிய பதிவேடு) நகலும் புலப்பட நகலும் வாங்குங்கள். ஓடை, வாய்க்கால், குட்டை, ஏரி என்றிருந்தால் அடுத்த இடம். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் வகைமாற்றம் வேண்டும், அதற்கு நாளாகும்.

பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே, காற்று பெரும்பாலும் எந்தப் பக்கம் வீசுகிறது, மழைக்காலத்தில் வண்டி உள்ளே வருமா என்று மூன்றையும் நேரில் பாருங்கள். பழைய 2016 விதிகளில் இருந்த ‘ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர்’ என்பது குப்பை புதைக்கும் நிலத்துக்கானது. சிறு உரக் கொட்டகைக்கு அதைக் காட்டி மறுத்தால் விளக்கம் கேட்கலாம்.

பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஏன் தருவதில்லை?
– வாசகர், வேலூர் மாவட்டம்

உங்கள் ஊரில் நாளுக்கு 30 கிலோ பிளாஸ்டிக் சேர்கிறது என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோ அரைக்கும் இயந்திரத்துக்கு அது இருபது நிமிட வேலை. மீதி நேரம் சும்மா நிற்கும், மின்வாரியத்துக்கு மும்முனை இணைப்பின் நிலைக் கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு மையம் என்று வைத்து, அதற்கு 16 லட்சம் ரூபாய் வரை வரம்பு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகைக்குள் கொட்டகை, தரம்பிரிக்கும் மேசை, தூசி உதறும் இயந்திரம், அரைப்பான், கட்டு கட்டும் அழுத்தி எல்லாம் அடங்க வேண்டும். தூசி உதறுவதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். மண்ணோடு அரைத்தால் சில வாரங்களிலேயே கத்தி மழுங்கிவிடுகிறது. மும்முனை இணைப்புக்குக் கட்டடம் எழும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அரைத்த பிளாஸ்டிக் தார்ச் சாலைக்குப் போக வேண்டுமானால் 2 முதல் 3 மில்லிமீட்டர் துகளாக, மண்ணும் ஈரமும் இல்லாமல் இருக்க வேண்டும். சூடான ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிப் பூச்சாகப் படியும், அதன்மேல் தார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய முறை இது. தாரின் எடையில் 8 சதவீதம் வரை என்பது கணக்கு: ஒரு டன் தாருக்கு 80 கிலோ. பால் கவரும் கேரி பேக்கும் ஆகும். பி.வி.சி. குழாய்த் துண்டு, பேனர் ஃப்ளெக்ஸ் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. சூட்டில் அமிலப் புகை கிளம்பும், ஜல்லி கலப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் பேரூராட்சியில் இரண்டு ஏக்கரில் பழைய குப்பை மேடு. பயோமைனிங்குக்கு (மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றுவதற்கு) மானியம் உண்டா? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
– கவுன்சிலர், கோவை மாவட்டம்

உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை பாரத இயக்கம் (நகர்ப்புறம்) 2.0-வில், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை 33, அதற்கு மேல் 25. பழைய குப்பைக்கு டன்னுக்கு 550 ரூபாய் என்பது அடிப்படைக் கணக்கு.

எல்லாம் டன்னில் இருக்கிறது, அங்கேதான் ஓட்டை. இரண்டு ஏக்கர் என்பது சுமார் 8,094 சதுர மீட்டர். சராசரி உயரம் 3 மீட்டர் என்றால் 24,282 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 0.8 டன் என்று போட்டால் 19,426 டன், 1.2 டன் என்று போட்டால் 29,138 டன். அதே மேடு, அதே குப்பை, ஆனால் 53 லட்சம் ரூபாய் வித்தியாசம். ஆகவே அடர்த்தியை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய விடாதீர்கள். மேட்டின் நான்கைந்து இடங்களில் 1 மீட்டர் நீளம், அகலம், ஆழத்துக்குத் தோண்டி, எடுத்ததை எடைமேடையில் நிறுத்தி, மன்றத்தின் முன் பதிவு செய்யுங்கள். மேட்டின் அடி தரைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு போகிறது என்பதையும் சோதனைக் குழியில் பார்க்க வேண்டும். பழைய கல்குவாரியையோ பள்ளத்தையோ குப்பையால் நிரப்பிய இடங்களில் மேலே தெரிவதைவிடக் கீழே அதிகம் இருக்கலாம்.

பணத்தைச் சல்லடைக்குள் போன எடைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவீட்டில் குறைந்த கன அளவு, வெளியே போனவற்றின் ரசீது, இரண்டும் ஒத்துப்போனால் கொடுங்கள். சலித்தால் மண், கல், எரியக்கூடியது என்று பிரியும். எரியக்கூடியதை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகள் எடுக்கும், ஆனால் ஈரமும் மண்ணும் அதிகமென்றால் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள், வாடகை யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சலித்த மண்ணைப் பரிசோதிக்காமல் வயலுக்குக் கொடுக்காதீர்கள், பேட்டரியும் பெயின்டும் கிடந்த மண் அது. பள்ளம் நிரப்ப ஆகும். குப்பையை இரண்டு மீட்டர் உயர வரப்பாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டி மூன்று நான்கு வாரம் காயவிட்டால்தான் சலிக்க வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத்தில் சல்லடை அடைத்துக்கொள்ளும், அந்த மூன்று மாதத்தை வேலை நாளாகக் கணக்கிடாதீர்கள். புதுக் குப்பை அதே இடத்தில் கொட்டுவது நிற்காத வரை வேலையைத் தொடங்கவும் வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகள் தனி அலுவலர் கையில். மானியம் வருமா?
– முன்னாள் ஊராட்சித் தலைவர், தஞ்சாவூர் மாவட்டம்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருக்க வேண்டும் என்பது நிதி ஆணைய மானியத்தின் நிபந்தனை. 2016-க்குப் பிறகு தேர்தல் நடக்காத ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு இதனாலேயே பணம் நிறுத்தப்பட்டது. தூய்மை பாரத இயக்கத்தின் 70 சதவீதத்துக்கு அந்த நிபந்தனை இல்லை, ஆனால் 30 சதவீதத்துக்கு ஊராட்சி வேறு வழி தேட வேண்டும்.

பயன்பாட்டுச் சான்று (மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் சான்று) அனுப்பியும் தணிக்கையில் ஆட்சேபணை வந்துவிட்டது. பொதுவாக எங்கே தவறுகிறது?
– ஊராட்சிச் செயலர், திருநெல்வேலி மாவட்டம்

தேதியில். வாங்கிய ரசீது நிர்வாக அனுமதிக்கு முந்திய தேதியில் இருக்கும். விலை குறைவாகக் கிடைத்தது என்று முன்கூட்டி வாங்கியிருப்பார்கள். எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் அது அனுமதி இல்லாத செலவு. அடுத்தது முன்பணம்: வண்டிக் கம்பெனிக்குக் கொடுத்த முன்பணத்தைச் செலவு என்று சான்றில் காட்டுவது. வண்டி வந்து, சொத்துப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் அது செலவு. மூன்றாவது, கணக்கில் விழுந்த வட்டி. அதைச் சொந்த வருவாயில் சேர்த்துவிட்டுச் சான்றில் காட்டாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. சேமிப்புக் கணக்குச் சீட்டையும் சான்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டாலே போதும்.

கட்டுமானமென்றால் அளவுப் புத்தகத்தில் உள்ள நீள அகலமும் தரையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். புகைப்படம் வேலைக்கு முன், நடுவில், முடிந்தபின் என்று மூன்று, ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில், இடக்குறியோடு. பின்னணியில் ஒரு மின்கம்பமோ மரமோ மூன்றிலும் தெரிந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பேட்டரி வண்டி ஒன்றரை வருடத்தில் படுத்துவிட்டது. புது பேட்டரிக்கு மானியம் கேட்கலாமா?
– ஊராட்சித் தலைவர், திருப்பத்தூர் மாவட்டம்

வண்டிக்கு வாங்கிய கணக்கில் மறுபடி கேட்டால் கிடைக்காது. ஊராட்சியின் சொந்த நிதியோ கட்டண வசூலோதான். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி நான்கு இருக்கும். உள்ளே தகடுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் காய்ந்து போயிருக்கிறது. வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்)தான் ஊற்ற வேண்டும்: முதலில் தகடு மூழ்கும் அளவு மட்டும், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜுக்கு முன் முழுதும் நிரப்பினால் பொங்கி வழியும். போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து அன்றோடு சரி. சனிக்கிழமை காலியாகக் கொண்டுவந்து நிறுத்தி, திங்கள்கிழமை சார்ஜ் போடுகிற பழக்கம்தான் அதிகமான பேட்டரியைக் கொல்கிறது. வண்டி வந்ததும் அன்றே சொருக வேண்டும், இரவு முழுதும். இதற்கு நில இணைப்புள்ள தனி பிளக் பாயின்ட் கொட்டகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அதை மதிப்பீட்டில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள்.

நான்கில் ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், பழைய மூன்றும் புதியதை இழுத்துவிடும். செட்டாக மாற்றி, தேதியைப் பெயின்டில் மேலேயே எழுதுங்கள். அடுத்த முறைக்கு, புது செட்டின் விலையை 24-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதா மாதம் கட்டண வசூலிலிருந்து தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். டெண்டர் விடும்போது வண்டிக்கு எத்தனை மாத உத்தரவாதம், பேட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.